காபிக்கு முன்னால் முதுகு

மலர், கதிர், இருவருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவின் சித்தப்பாவைப் பார்க்கச் சின்னமனூர் போயிருந்தோம். அங்கே நான் செய்த காரியத்துக்காக வீடு வந்து சேரும்வரை நீங்கள் இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை. பழப் பையைக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் படுத்துக் கிடந்த மனிதரின் போர்வையை விலக்கி, ஒருக்களித்துப் புரட்டி, முதுகையும் குதிகாலையும் குனிந்து பார்த்தேன். மலர், நீ என் காதருகில் வந்து, "மானம் போகுதுப்பா" என்றாய். கதிர், நீ எழுந்து வாசலுக்குப் போய்விட்டாய்.

மானம் போனது உண்மைதான். அந்த வீட்டுக்காரர்கள் முகமும் சுருங்கிப் போனது. ஆனாலும் அடுத்த தடவை போனாலும் நான் அதைத்தான் செய்வேன். இந்தப் பழக்கம் எனக்கு ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவரைப் பற்றி வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் இன்னும் எங்கோ வேலை பார்த்துக்கொண்டுதான் இருப்பார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

கொரோனா அடங்கிய பிறகு நம் வேனுக்குச் சவாரியே இல்லாமல் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதுதான் தேனியில் ஒரு மாடியில் இருந்த கம்பெனி ஒன்று என் வண்டியை மாத வாடகைக்கு எடுத்தது. படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்க வீட்டுக்கே ஆள் அனுப்பும் கம்பெனி. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருப்பார்கள், பெற்றவர்கள் இங்கே கட்டிலில் கிடப்பார்கள். மருத்துவமனைத் தரத்தில் வீட்டிலேயே கவனிப்பு என்று வாசலில் போர்டு இருந்தது. வேலைக்கு எடுக்கும் பெண்களுக்கு நாலைந்து நாள் சொல்லிக் கொடுத்து ஒரு நீலக் கோட்டை மாட்டி அனுப்புவார்கள். அவ்வளவுதான் தரம்.

அக்கா அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர். போடி முதல் கம்பம் வரை இருந்த வீடுகளுக்கெல்லாம் அவரை நான்தான் கொண்டுபோய் விடுவேன். வீட்டுக்காரர்களிடம் நாலு நல்ல வார்த்தை பேசி, அடுத்த மாதமும் ஆள் வேண்டும் என்று சொல்ல வைப்பதுதான் அவர் வேலை என்று முதலாளி நினைத்திருந்தார். அக்கா அப்படி நினைக்கவில்லை.

குட்டையான, கனத்த உடம்பு. நகத்தைச் சதை தெரியும் அளவுக்கு ஒட்ட வெட்டியிருப்பார். கையில் வளையல் கிடையாது. கழுத்தில் ஒரு கயிற்றில் பேனா அளவு டார்ச் தொங்கும். கோட்டயம் பக்கம் வீடுகளில் தங்கி நோயாளி பார்த்தவர் என்பதால் பேச்சில் மலையாளம் கலந்து வரும். போதும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "மதி, மதி" என்பார்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நம் ஊரில் முதலில் என்ன வரும்? காபி வரும். வேண்டாம் என்றால், நாம் என்ன ஆள் என்று பார்க்கிறார்களோ என்று வீட்டுக்காரர்கள் முகம் மாறிவிடும். அக்கா அந்த டம்ளரைக் கையில் வாங்கவே மாட்டார். "முதுகப் பாத்துட்டுக் குடிக்கிறேன்" என்பார். எல்லா வீட்டிலும் இதே வார்த்தைதான். நோயாளியைப் புரட்டி, முதுகு, இடுப்பு, முழங்கை, குதிகால் என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் ஆறிப்போன காபியைக் குடிப்பார். போடியில் ஒரு கடைக்காரர் வீட்டம்மா ஆபீசுக்கே போன் போட்டு, "எங்க வீட்ல கை நனைக்க அந்தம்மாவுக்கு என்ன வந்துச்சாம்?" என்று கேட்டுவிட்டார்.

நானும் ஒரு நாள் கேட்டேன். "ஒரு வாய் காபி குடிச்சா என்னக்கா கொறஞ்சு போகுது?"

"கண்ணு மங்கிரும் தம்பி."

"காபிலயா?"

"காபி குடுத்த கைய மொறச்சுப் பேச வருமா ஒனக்கு? எனக்கு வராது. அதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வடுகபட்டியில் ஒரு வீடு. பூண்டு வியாபாரம். தரை முழுக்கப் பூண்டு மூட்டை, சுவரெல்லாம் பூண்டு வாசம். வீட்டுப் பெரியவர் வாதம் வந்து உள் அறையில் கிடந்தார். பூப்போட்ட புது விரிப்பு, தலைமாட்டில் சாமி படம், ஊதுபத்தி. மகன் வாசலிலேயே நின்று, "அப்பா ஒரு கொறையும் இல்லாம இருக்காக. ஆளு நல்லாப் பாத்துக்கிறா" என்றார்.

"திருப்புங்க" என்றார் அக்கா.

"இப்பத்தான் கஞ்சி குடிச்சுருக்காக."

"பைய்யத் திருப்புவோம்."

"என்ன நீங்க, எங்கப்பாவ நாங்க பாத்துக்க மாட்டமா?"

கோட் போட்ட பெண்ணும் அக்காவுமாகப் புரட்டினார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். பிள்ளைகளா, அதை நான் முழுக்க எழுத மாட்டேன். இடுப்புக்குக் கீழே ஒரு கை உள்ளே போகும் அளவுக்குக் குழி. பூண்டு வாசத்தில் அந்த நாற்றம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதரை, ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கும் ஆளை, பிடித்த பிடி விடாமல், "பாருங்க. பாத்துட்டுப் போங்க" என்றார். அந்த மனிதர் பார்த்தார். பிறகு மூட்டை மேலே உட்கார்ந்து அழுதார். எனக்கு அக்கா மேல் அன்று மரியாதை வந்ததா, பயம் வந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

இரக்கம் இல்லாதவர் என்றுதான் கோட் போட்ட பெண்கள் அவரைப் பேசுவார்கள். அதற்கு அனுமந்தன்பட்டியில் நடந்ததுதான் காரணம். அங்கே ஒரு ஓய்வு பெற்ற தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மூன்று பிள்ளைக்காரி, புருஷன் கிடையாது. நாங்கள் எப்போது போனாலும் அந்த மனிதர் தூங்கிக்கொண்டே இருந்தார். அவள் வாயில் விரலை வைத்து, "தூங்குறாக" என்பாள். அக்காவுக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. "தூங்குறாகன்னு எவ சொன்னாலும் மொதல்ல எழுப்பிப் பாக்கணும்" என்பார். ஒரு நாள் எழுப்பினார். அவர் எழுந்திருக்கவில்லை, மூச்சு மட்டும் ஓடியது. தலைமாட்டுக்குக் கீழே இருமல் மருந்து பாட்டில் காலியாக இருந்தது. இவள் டிவி நாடகம் பார்க்க வசதியாக அவருக்கு அதை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு அவளை வேனில் ஏற்றி, உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் மழையில் இறக்கிவிட்டார் அக்கா. கோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, புள்ளைகளுக்கு நான் என்ன செய்வேன்? ஒரு தடவ மன்னிச்சுக்கங்கக்கா" என்று கெஞ்சினாள். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"வண்டிய எடு தம்பி."

"பாவம்க்கா."

"அவரும் பாவந்தான். அவருக்கு வாயில்ல, அதனால அவருக்காக ஒனக்குக் கேக்கத் தோணல."

சின்னமனூர் தாண்டும்வரை நான் அவரோடு பேசவில்லை. இப்படிப்பட்டவர் ஒரே ஒரு வீட்டில்தான் முகம் மலர்ந்து நான் பார்த்தேன். அது ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீடு.

அந்த மனிதருக்கு என் வயதுதான் இருக்கும். பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டும்போது கல்தூண் மேலிருந்து மல்லாக்க விழுந்தவர். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது, தேள் கொட்டினாலும் தெரியாது. ஆனால் வாய் மட்டும் ஓயாது. அக்கா டார்ச்சோடு நுழைந்ததும், "வாங்க மேடம், எக்சிபிஷன் தொறந்துதான் கெடக்கு. முதுகு பாக்க டிக்கெட் இல்ல" என்பார். தன் கால்கள் இரண்டையும் காட்டி என்னிடம், "ஏலே டிரைவரு, இந்த ரெண்டும் எங்க வீட்டு மாப்பிள்ளைக. எண்ணெ தேய்க்கணும், குளிப்பாட்டணும், நல்ல எடத்துல படுக்கப் போடணும். ஒரு வேலை செய்யமாட்டாக" என்பார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அவளைப் போல நோயாளி பார்த்தவளை நான் எங்கும் பார்க்கவில்லை. காலையில் கம்பெனி ஆள் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவார். மீதி நேரம் முழுக்க அவள்தான். போனில் அலாரம் வைத்து, அடித்தவுடன் திருப்பிப் படுக்க வைப்பாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. அக்கா உள்ளங்கையால் அந்த விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு வேனில் வந்து உட்கார்ந்து, "இந்த வீட்ல எனக்கு வேலையே இல்ல தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அதுதான். அந்த மனிதருக்குப் புண் வராமல் இருந்தால் இன்னும் எத்தனையோ வருஷம் இருப்பார் என்றும், ஒரு புண் வந்தால் போதும், எல்லாம் போய்விடும் என்றும் சொன்னார். புண் வராமல் பார்ப்பது ஒன்றுதான் அங்கே வேலை.

பிறகு ஒரு மார்கழி. குளிப்பாட்டும் ஆள் தன் ஊர்த் திருவிழாவுக்கு லீவில் போய்விட்டார். மாற்று ஆள் அனுப்பச் சொல்லி அக்கா முதலாளியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே வந்தார். "ஆள் இல்லக்கா, அடுத்த வாரம் பாப்போம்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. நாங்கள் ஓடைப்பட்டி போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். அந்த மனிதரின் மனைவி வாசலுக்கே ஓடி வந்தாள். கண் குழி விழுந்திருந்தது. ஆனால் முகத்தில் ஏதோ ஒரு சந்தோஷம்.

"ராத்திரி பூரா தூங்கலக்கா. இப்பத்தான் கண்ணசந்தாக. எழுப்பிராதீக."

அக்கா அறை வாசலில் நின்றார். கழுத்து வரை போர்த்திக்கொண்டு அந்த மனிதர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். சும்மா தூக்கம்தான், மூச்சு சீராக ஏறி இறங்கியது.

"முதுகு?"

"காலைல திருப்பிவிடும்போது பாத்தேன்க்கா. பளிச்சுன்னு இருக்கு."

அக்கா டார்ச்சைக் கையில் எடுத்தார். அந்தப் பெண் இரண்டு கையையும் கூப்பியபடி நின்றாள். அக்கா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு டார்ச்சை விட்டுவிட்டு, "சரி, தூங்கட்டும்" என்றார். அடுப்படிக்குப் போய், அவள் கொடுத்த காபியை வாங்கி, சூடாகக் குடித்தார். காபி முதலில் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு அவள், "அடுத்த தடவ வர்றப்ப ஒங்களுக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன்க்கா" என்றாள்.

திரும்பும் வழியில், பாதித் தூரத்தில் அக்கா, "வண்டியத் திருப்பலாமா தம்பி?" என்றார். நான் வேகத்தைக் குறைத்தேன். "வேணாம். தூங்குறவர எழுப்பவா. போ" என்றார்.

முதுகு சுத்தமாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னது பொய் இல்லை. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தடவை நாங்கள் போனது மூன்று வாரம் கழித்து; அதுவரை மாற்று ஆள் யாரும் அங்கே போகவில்லை. அக்கா வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கு விடைத்தது. எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வாங்கக்கா, வந்து பாருங்க. அவுக காலு ஆடுதுக்கா. ஒரு மாசமா இருக்கு. தன்னால இழுத்து இழுத்து ஆடுது. உசுரு வருதுக்கா."

போர்வையை விலக்கினாள். அந்த மனிதரின் வலது கால் வெட்டி வெட்டி இழுத்தது, யாரோ கயிறு கட்டி ஆட்டுவது போல. பாதத்தைச் சுற்றி ஒரு பழைய துணி கட்டியிருந்தது. துணி ஓரத்தில் வாடிய எருக்கிலை தெரிந்தது.

"என்ன கட்டிருக்க?"

"ஒத்தடம்க்கா. உசுரு வர்ற கால்ல சூடு காட்டுனா சீக்கிரம் நடப்பாகன்னு எல்லாரும் சொன்னாக. தெனமும் சாயங்காலம் போடுறேன்."

பிள்ளைகளா, செங்கலை அடுப்பில் சுட்டு, எருக்கிலையை அதன் மேல் பரப்பி, குதிகாலை வைத்து எடுப்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஈரத்தில் நின்று வேலை பார்க்கிற தோட்டக்காரர்களுக்குக் குதிகால் வலிக்கு அதைவிட்டால் மருந்து கிடையாது. உங்கள் தாத்தாவும் போட்டிருக்கிறார். ஒத்தடம் போட்ட காலில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்வார்கள். அதனால் அவள் அந்தக் கட்டைப் பிரித்துக் கழுவவில்லை. சூடு போகாமல் துணியைச் சுற்றி, மறுநாள் அதே இடத்தில் இலையை மாற்றி மறுபடியும் சுட்டிருக்கிறாள்.

அக்கா துணியைப் பிரித்தார். குதிகால் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக, சிரட்டை போலக் காய்ந்திருந்தது. ஓரத்தில் சீழ் கோத்திருந்தது. அப்போதுதான் அந்த வாடை எனக்கும் அடித்தது.

அந்தப் பெண், "அது எலக் கறைக்கா. கழுவுனாப் போயிரும்" என்றாள்.

அக்கா டார்ச் அடித்தபடி இருந்தார். அந்த மனிதர் தலையைத் தூக்கப் பார்த்தார். அவரால் தன் பாதத்தைப் பார்க்க முடியாது.

"என்ன மேடம், சத்தத்தையே காணோம்? மாப்ளைக்கு என்னாச்சு?"

"வெந்துருக்குங்க" என்றார் அக்கா. "ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அந்தப் பெண் இன்னும் சிரித்த முகமாகவே நின்றிருந்தாள். கேட்டது அவளுக்குள் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அந்த மனிதரின் அண்ணன் முதலாளியின் சட்டையைப் பிடிக்காத குறை. "ஆளு அனுப்பாம காசு மட்டும் வாங்குனீகள்ல? அதான் புண்ணு வந்துருச்சு" என்றார். முதலாளி எங்களைப் பார்த்து, வாயைத் திறக்காதீர்கள் என்பது போலக் கண்ணைக் காட்டினார்.

அக்கா நடுவில் வந்து நின்றார். "ஆளு அனுப்பாதது கம்பெனி தப்பு. போன தடவ வந்தப்ப இவர எழுப்பி நான் காலப் பாக்கல. அது என் தப்பு. அன்னைக்குப் பாத்துருந்தா தோலோட போயிருக்கும்" என்றார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துத் திரும்பினார்.

"ஆனா இது படுக்கப் புண்ணு இல்ல ஆத்தா. இது செங்கல் சூடு. காலு ஆடுனது உசுரு வந்து இல்ல. அது நரம்பு தன்னால இழுக்கறது. அதுக்கு ஆட மட்டுந்தான் தெரியும், சுடறது தெரியாது."

அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூட்டத்தில் ஒரு கிழவி, "கட்டுனவனச் சுட்டுப்புட்டாளே" என்றாள். அந்தக் கிழவிதான் ஒத்தடம் போடச் சொன்னவள் என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

வேனுக்கு வந்ததும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "அவளத் தனியாக் கூப்புட்டுச் சொல்லிருக்கலாம்லக்கா. ஊரே இனி அவளைத்தான் பேசும்."

"பேசும்."

"தெரிஞ்சேவா சொன்னீக?"

"தனியாச் சொன்னா அவ மட்டும் நிறுத்துவா. ஒத்தடம் போடு, போடுன்னு சொல்ல அங்கன அத்தன பேரு நிக்கிறாக. எல்லாருக்கும் கேக்கணும்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னொரு கால் இருக்கு தம்பி."

அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் அந்தப் பெண் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவர் சொன்னதும் சரி, என் கோபமும் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் தேனி ஆபீசில் முதலாளி அக்காவுக்கு நாற்காலி போட்டார். "வீட்டுக்காரங்க செஞ்ச காரியத்துக்கு நாம என்னக்கா பண்ண முடியும்? நீங்க பாக்கலன்னு யாரு கேட்டா? வாயக் கொஞ்சம் வச்சுக்கிட்டுச் சும்மா இருந்துருக்கலாம். சரி, விடுங்க. நாளைக்குக் கம்பம் போகணும்."

"நான் போகல."

"ஏன்க்கா?"

"அனுமந்தன்பட்டிக்காரிய மழையில எறக்கிவிட்டேன்ல. அவ ஒரு பாட்டில ஊத்துனா. நான் ஒரு காபியக் குடிச்சேன். அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"

"அதுவும் இதுவும் ஒண்ணாக்கா? நீங்க பாவம் பாத்தீக."

"நான் என்ன பாத்தேங்கிறது அவரு காலுக்குத் தெரியாது."

"நீங்க போயிட்டா இத்தன வீட்டுக்கும் யாரு போவா?"

"திருப்பிப் பாக்குற யாரையாவது வைங்க."

தன் நீலக் கோட்டையும் டார்ச்சையும் மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். டார்ச் கம்பெனியுடையது என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் நான்தான் இறக்கிவிட்டேன். குமுளி வழியாகக் கோட்டயம் பக்கம், மறுபடி ஏதோ ஒரு வீட்டுக்கு நோயாளி பார்க்கப் போவதாகச் சொன்னார். "சூப்பர்வைசரா?" என்று கேட்டேன். "இல்ல. ஒருத்தருக்கு மட்டும். ஒரு முதுகு, ரெண்டு காலு. மதி" என்றார். பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் இல்லை.

அவர் இடத்துக்கு வந்தவர் வீடுகளுக்குப் போவதில்லை. போனில் வீடியோ கால் போட்டு, நோயாளியின் முகத்தைக் காட்டச் சொல்வார். முகம் எல்லா வீட்டிலும் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் என் வண்டி தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மனிதருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "ஏலே டிரைவரு, ஒரு மாப்ள கோவிச்சுட்டுப் போயிட்டாருல" என்று சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. விரிப்பில் அப்போதும் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குக் காபி கொண்டு வந்தது அண்ணன் வீட்டுப் பெண். அவர் மனைவியை அடுப்படிப் பக்கம் விடுவதில்லையோ, அவளாகவே போவதில்லையோ, நான் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும் அவள் வாசல் வரை வந்தாள்.

"அந்தக்கா வருவாகளா?"

"இல்லம்மா. அவுக கேரளா போயிட்டாக."

அவள் தலையை ஆட்டினாள். வந்தால் திட்டுவதற்கா, காலைக் காட்டுவதற்கா என்று அவள் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. உள்ளே அலாரம் அடித்தது. அவரைத் திருப்பிப் படுக்க வைக்கப் போய்விட்டாள்.

அன்று நான் வீடு திரும்பியபோது மத்தியானம். நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில், உங்கள் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. கொல்லையில் வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்து, குளியலறை கட்டி மிஞ்சிய செங்கல் ஒன்றை உள்ளே தள்ளினேன். வாய்க்கால் ஓரம் போய் எருக்கிலை பறித்து வந்தேன். செங்கல் காய்ந்ததும் இடுக்கியால் எடுத்து வெளியே வைத்து, இலையை அடுக்கி, என் குதிகாலை அதன் மேல் வைத்தேன்.

முதலில் அவ்வளவு சுகமாக இருந்தது. காலையிலிருந்து வண்டி ஓட்டிய அசதி அந்த இலை வழியாக இறங்குவது போல இருந்தது. அவள் ஏன் தினமும் போட்டாள் என்று அப்போது புரிந்தது. பிறகு இலை சுருண்டு சத்தம் போட்டது. எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கும் முன்பே கால் தானாகப் பின்னால் வந்துவிட்டது. அவள் வைத்த அளவுக்காவது வைத்துப் பார்க்க வேண்டும் என்று மறுபடி வைத்தேன். மறுபடியும் கால் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கையால் அழுத்திப் பிடித்தேன். அப்போதும் அது நிற்கவில்லை.

பிறகு காலை மடக்கிக்கொண்டு, அந்தச் செங்கல் ஆறட்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வப்போது புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அது ஆற வெகுநேரம் ஆனது.